எல்8050ல் பச்சை போன கதை: க்ளாஸி பேப்பருக்கு ஒரு கலர் ப்ரொஃபைல்

நான் அச்சிடும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பச்சைச் சாயல் ஓடுவது ஒருவழியாக நின்றுவிட்டது. பிரிண்டர் எப்சன் எல்8050, ஆறு டேங்க் டை இங்க் (கரைந்த சாய மை), 270 ஜிஎஸ்எம் சாதாரண க்ளாஸி பேப்பர். இந்த பிரிண்டரில் லைட் பிளாக் (சாம்பல் மை) கிடையாது. நடு சாம்பல் எல்லாம் சயான், மஜந்தா, மஞ்சள் கலந்து பிறப்பதுதான். அதில் இவ்வளவு சுத்தமான சாம்பல் வாங்கியதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

கலர் ப்ரொஃபைல் என்பது இந்த பிரிண்டர், இங்க், பேப்பர் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்று சொல்லும் கோப்பு. அதைச் செய்ய வழக்கமான பாதைதான்: ஆர்கைல் சிஎம்எஸ் என்ற மென்பொருள், நிறம் அளக்கும் கருவியாகப் பழைய கலர்மங்கி ஃபோட்டோ, அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டி வழியாக அச்சிட்ட சார்ட் (அளப்பதற்கான நிறக் கட்டங்கள்), டிரைவரில் கலர் திருத்தம் ஆஃப். முதல் ப்ரொஃபைலில் தோல் நிறமும் வானமும் அருமையாக வந்தன. கறுப்பு வெள்ளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பாசி படிந்த மாதிரி. ஆர்கைலின் சரிபார்க்கும் கட்டளையான ப்ரோஃப்செக் ஓட்டினால் சராசரி டெல்டா ஈ (நிற வித்தியாசத்தின் அளவு) ஒன்றுக்கும் கீழே. எண் நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இல்லை.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. ப்ரோஃப்செக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நாம் கொடுத்த அளவீடுகளோடு ப்ரொஃபைல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது. அந்த அளவீடுகள் காய்ந்த இங்க்குடையவையா, ஈர இங்க்குடையவையா என்று அதற்குத் தெரியாது. சார்ட்டை ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நவம்பர் மழையில், சென்னையில், ஆர்சி பேப்பரில் (பிளாஸ்டிக் அடுக்கு உள்ள இந்த மாதிரி க்ளாஸி) அது நடக்கிற காரியமில்லை.

சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஆர்ஜிபி மூன்றும் 128 உள்ள ஒரே ஒரு சாம்பல் கட்டத்தை அச்சிட்டு, ஒற்றைக் கட்டம் அளக்கும் ஸ்பாட்ரீட் கட்டளையில் அளந்துகொண்டே வந்தேன். பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு, லேப் என்ற நிற அளவுமுறையில் ஏ மதிப்பு (ப்ளஸ் என்றால் சிவப்புப் பக்கம், மைனஸ் என்றால் பச்சைப் பக்கம்) ப்ளஸ் 2.1. ராத்திரி படுக்கப் போகும்போது 1.4. மறுநாள் மாலை 0.6. அதற்கப்புறம் அசையவில்லை. பச்சைக்கான காரணம் இதில் அப்படியே இருக்கிறது. ஈரத்தில் சாம்பல் கொஞ்சம் சிவந்து தெரிகிறது. ப்ரொஃபைல் அதை நம்பி மஜந்தாவைக் குறைக்கிறது. படம் காய்ந்ததும் அந்தக் குறைச்சல் பச்சையாக வெளியே வருகிறது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து மட்டும் காய்ந்துவிட்டதாக நினைக்க முடியாது. தண்ணீர் சீக்கிரம் போய்விடும். இங்க்கில் இருக்கிற கிளைக்கால் (மெதுவாக ஆவியாகும் கரைப்பான்) அப்படிப் போகாது. ஆர்சி பேப்பரில் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் அடுக்கு அதைக் கீழே இறங்கவும் விடாது, மேல்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். ஹேர் டிரையர் பிடித்தால் தாள் சுருள்கிறது, ஏ மதிப்பு பெரிதாக இறங்குவதில்லை. எனக்குப் பலித்தது ஜெராக்ஸ் பேப்பர். அச்சிட்டுக் கால்மணி நேரம் கழித்து சார்ட்டின் மேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் அந்தத் தாள் அலை அலையாக நெளிந்துவிடும். குறிப்பாக அடர் கட்டங்களுக்கு மேலே. அந்தத் தாள் உறிஞ்சிய கிளைக்கால்தான் நெளிவுக்குக் காரணம். தாளை மாற்றிப் புதிதாக ஒன்று வைக்கலாம். நெளியாத தாள் கிடைக்கும் வரை அளக்க உட்காருவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன்.

காய்ந்த சார்ட்டிலிருந்து செய்த ப்ரொஃபைலை வைத்து, சார்ட் உருவாக்கும் டார்ஜென் கட்டளையில் இரண்டாம் சுற்று சார்ட் போட்டேன். முந்தைய ப்ரொஃபைலைக் கொடுத்தால் கட்டங்களைக் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தை வைத்துப் பரப்பும். கறுப்பிலிருந்து வெள்ளை வரையான சாம்பல் கோட்டுக்கு அழுத்தம் கூட்டி, தனியாக சாம்பல் படிகளும் சேர்த்தேன். ஏ4க்கு 210 கட்டம் வீதம் இரண்டு பக்கம். கட்டங்கள் குறுகலாக இருப்பதால் கருவி கோணாமல் ஓட அக்ரிலிக் பட்டை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். வெறும் கையால் இழுத்தால் பாதி வரிசைக்கு, சார்ட்டை அளக்கும் சார்ட்ரீட் கட்டளை திரும்பப் படிக்கச் சொல்லும்.

பேப்பர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய அதே பிராண்ட், அதே உறை, அதே ஜிஎஸ்எம். புதுப் பாக்கெட்டின் வெற்றுத் தாளை அளந்தால் லேப் அளவின் பி மதிப்பு (மைனஸ் என்றால் நீலப் பக்கம்) மைனஸ் 5லிருந்து மைனஸ் 9க்குப் போயிருக்கிறது. பூச்சே வேறு. கடைக்காரர் "ஒரே சரக்குதான் சார்" என்கிறார். இருக்கட்டும், நம் கையில் கருவி இருக்கிறது. இனிமேல் ஒரு தாள் அளந்துவிட்டு, சரியாக இருந்தால் அந்த லாட்டில் மொத்தமாக வாங்குவதுதான். பெரிய பேப்பர் கம்பெனிகள் இலவசமாகத் தரும் ப்ரொஃபைல்கள் நல்லவைதான். ஆனால் அவை அவர்கள் பேப்பருக்கும், குறிப்பிட்ட பிரிண்டருக்கும் இங்க்குக்கும் செய்தவை. இந்த க்ளாஸிக்கு நாமே செய்தால்தான் உண்டு.

ப்ரொஃபைலில் பெர்செப்சுவல் டேபிள் (பிரிண்டருக்கு எட்டாத நிறங்களை, அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் தெரியும்படி சுருக்கும் பகுதி) இன்னும் முடியவில்லை. ப்ரொஃபைல் செய்யும் கோல்ப்ரோஃப் கட்டளைக்கு மூல ப்ரொஃபைல் (படம் எந்த நிற எல்லையில் இருக்கிறது என்பது) எதையும் கொடுக்காவிட்டால் பெர்செப்சுவலுக்கென்று தனி மேப்பிங் எதுவும் செய்யாது. வழக்கமான திரை நிற எல்லையான எஸ்ஆர்ஜிபியைக் கொடுத்துச் செய்ததில் அரக்குப் பட்டுப்புடவையின் மடிப்புகள் உயிரோடு இருக்கின்றன. எட்டாத நிறங்களை மட்டும் பக்கத்து நிறத்துக்கு வெட்டிவிடும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கில் அதே இடம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகிறது. அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியைக் கொடுத்தால் படம் மொத்தமும் கொஞ்சம் சோர்ந்துபோகிறது. மறுபடி அளக்கத் தேவையில்லை, அளவீட்டுக் கோப்பு பத்திரமாக இருக்கிறது. கட்டளையை மாற்றி மாற்றி ஓட்டினால் போதும்.

அதை முடிப்பதற்குள் மேட் பேப்பர் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். மேட்டில் கறுப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கத்தான் ஆசை. பிளாஸ்டிக் அடுக்கு இல்லாததால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதே 128 சாம்பல் கட்டம்தான் முதலில். ஜெராக்ஸ் பேப்பர் இல்லாமல் ஒன்று, வைத்து ஒன்று.