பழைய லேப்டாப்பில் மின்ட்: வைஃபை முதல் தமிழ்99 வரை

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில், 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினோம். விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றின் இலகுவான பதிப்பு இது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த லேப்டாப்பில் ஏறாது. டேலி கணக்குக்காக விண்டோஸையும் வைத்துக்கொண்டோம். மின்டை இன்ஸ்டால் செய்வதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. ஊரில் பிராட்பேண்ட் கிடையாது, தருமபுரியிலேயே இறக்கிப் பென்டிரைவில் எழுதி எடுத்துப் போனோம்.

முதல் வேலை, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுப்பது. அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. மின்டிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் ஃபைலைப் படிக்கலாம், சேமிக்க முடியாது.

இன்ஸ்டால் சுலபம். அதன்பின் வைஃபை பட்டியலே வரவில்லை. உள்ளே இருந்தது பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை கார்டு. அதை இயக்கும் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். நாங்கள் அதை நெட்டிலிருந்து இறக்கினோம். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் மின்ட் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் உதவாது, டேட்டா கேபிள் வேண்டும். பிறகு மின்டின் டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தெடுக்கலாம்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்ததால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மெஷின் வழக்கம்போல் எழுந்துவிடும்; டிரைவர் இருந்தும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை ஏற்காது. வைஃபை வரவில்லை என்று டிரைவரைக் குறை சொல்பவர்களில் பலர் இந்தத் திரையைத்தான் விட்டிருக்கிறார்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தாலும் வழி பிறக்கும். ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மின்டுக்குப் பின் விண்டோஸைத் திறந்தால் காலை 10 மணிக்குக் கடிகாரம் 4:30 காட்டும். போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வரும் ஐந்தரை மணி வித்தியாசம் அது. டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் தீர்ந்தது.

தமிழ்த் தட்டச்சுக்குக் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தேடாதீர்கள். அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான். முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கத் தெரியாது. மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக்கில் 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாவிட்டால் எதுவும் மாறாது. அப்புறம் ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைச் சேர்க்கலாம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' வர வேண்டும்.