அது நம்மட சேர்வர் இல்ல

"சேர்வர்ல ரெண்டு வரி மாத்தினா முடியிற விசயத்துக்கு நாம ஏன் அண்ணன் இவ்வளவு எழுதுறம்?" என்று தம்பி கேட்டான். "அது நம்மட சேர்வர் இல்ல" என்றேன். மில்லின் சேர்வர் எங்கள் ஆப்புக்குத் தரும் பதிலை வாசிக்கும் நிரலைப் பற்றிய பேச்சு அது. ஆப் வட்டைகளில், வயல்வெளிகளில், ஓடத் தொடங்கி ஒரு போகம் முடிந்துவிட்டது. அந்தப் பதில் சரிதானா என்பது மட்டும் எனக்குள் இன்னும் முடியவில்லை.

நெல் கொள்வனவு ஆப். படுவான்கரையிலோ சம்மாந்துறைப் பக்கமோ வயலில் நின்று மூட்டையையும் நிறையையும் பதிந்து அனுப்பினால், மில்லின் சேர்வர் ஒற்றை வரியில் பதில் தரும்: ஓகே|1042|37|2150.5. ஓகே, பற்றுச்சீட்டு இலக்கம், மூட்டை, கிலோ. புலங்களுக்குப் பெயரிட்டுச் சுருள் அடைப்புக்குள் தரும் ஜேசன் வடிவம் கிடையாது, வெறும் எழுத்து. பிழை என்றாலும் எச்டிடிபி நிலை 200தான், அதாவது 'எல்லாம் சரி' என்ற குறியீடு. வரியின் தொடக்கம் மட்டும் மாறும்.

கல்முனையில் அந்த சேர்வரைப் பார்க்கிறவரை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஜேசனுக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "தம்பி, அந்த ஒரு வரிய நம்பித்தான் மில்லுல தராசு ஓடுது. அதுல கைய வெச்சா நெல்லு எடுக்கிறது நிண்டுரும்." தராசோடு இணைந்த பழைய கணினி மென்பொருள் வரியின் முதல் இரண்டு எழுத்தை எண்ணி வாசிக்கிறது. முன்னால் ஒரு சுருள் அடைப்பு வந்தாலே பிழை என்று எடுத்துக்கொள்ளும். அதை எழுதியவர் இப்போது அங்கே இல்லை. அறுவடைக் காலத்தில் அதைத் தொட யாரும் விரும்பமாட்டார்கள், நானும்தான்.

அதனால் வாசிக்கும் பொறுப்பு ஆப்பின் பக்கம் வந்தது. தம்பி முதலில் எழுதியது ஒரே நிபந்தனை: பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாராமல், பதிலுக்குள் எங்காவது ஓகே இருக்கிறதா? இதே சேர்வர், உள்நுழைவுக் காலம் முடிந்தால் 'டோக்கன் எக்ஸ்பயர்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்லும். டோக்கனின் ஆங்கில எழுத்துகளில் இரண்டாவது ஓ, மூன்றாவது கே. சேர்வர் ஏற்காத பதிவுக்கு ஆப் பச்சை காட்டும். விவசாயி மூட்டையை ஏற்றி அனுப்பியிருப்பார், மில்லில் பற்றுச்சீட்டு இருக்காது. அதனால் இறுக்கினோம்: வரி ஓகேயில் தொடங்க வேண்டும், உடனே நிமிர்ந்த கோடு வர வேண்டும், மொத்தம் நான்கு புலம் இருக்க வேண்டும், இரண்டாவது முழு எண்ணாக இருக்க வேண்டும். திரும்பி வரும் மூட்டையும் கிலோவும் நாம் அனுப்பியதோடு பொருந்த வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் எழுத்துப் பதிலில் நமக்குக் கிடைக்கும் ஒரே உண்மையான சாட்சி அது.

கோட்டால் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஜாவா மொழியில் வரியைப் பிரிக்கும் ஸ்பிளிட் அந்தக் கோட்டை ரெகெக்ஸ் என்ற தேடல் வடிவத்தின் 'அல்லது' என்று எடுத்து, வரியை எழுத்தெழுத்தாக உடைத்துவிடும். முன்னால் இரண்டு பின்சாய்கோடு போட வேண்டும். கோட்லின் மொழியில் கோடு கோடுதான். கடைசிப் புலம் வெறுமையாக வந்தால் ஜாவா அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று புலம் தரும், கோட்லின் நான்கு தரும். ஜாவாவிலிருந்து பகுதி பகுதியாகக் கோட்லினுக்கு மாறிக்கொண்டிருக்கும் ஆப்பில் இது நிச்சயம் கடிக்கும்.

சேர்வரோடு பேசும் ரெட்ரோஃபிட் நூலகத்தில், பதிலை ஜேசனாக வாசிக்கும் ஜிசன் கன்வேட்டர் மட்டும் இருந்தால், ஓகே என்ற வரியைக் கண்டதும் முதல் வரி முதல் எழுத்திலேயே ஜேசன் பிழை என்று விழும். லீனியன்ட் (கண்டிப்புக் குறைவாக) ஆக்கிப் பார் என்ற யோசனையையும் பிழைச் செய்தியே தரும். அப்படிச் செய்தால், ஒப்ஜெக்டை எதிர்பார்த்தேன், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்தது என்று வேறு பிழை வரும். வழி, வெறும் எழுத்தை அப்படியே தரும் ஸ்கேலர்ஸ் கன்வேட்டரைச் சேர்ப்பது. அதையும் ஜிசனுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். சேர்த்த வரிசையில்தான் கேட்கப்படும், ஜிசன் எந்த வகையையும் வேண்டாம் என்று சொல்லாது. பதிலை லொக்கில் (நிரலின் குறிப்பேட்டில்) பார்க்க வேண்டுமென்று, ரெட்ரோஃபிட்டுக்கு அடியில் ஓடும் ஓகே-எச்டிடிபியில் பாடியின் (பதில் உள்ளடக்கத்தின்) ஸ்ட்ரிங்கை அழைத்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும், இரண்டாம் முறை அழைத்தால் பிழை. பார்ப்பதற்கு மட்டும் பீக்-பாடி இருக்கிறது.

மறுப்புக்கான காரணங்களை சேர்வர் தமிழில் தரும். அங்கே வேறொரு சிக்கல். பதிலோடு வரும் கன்டென்ட்-டைப் தலைப்பில் சார்செட், அதாவது எழுத்துக் குறியாக்கத்தின் பெயர், இல்லாவிட்டால் ஓகே-எச்டிடிபி தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். வொலி என்ற இன்னொரு நூலகத்தின் ஸ்ட்ரிங்-ரிக்குவெஸ்ட், தமிழ் இல்லாத ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுக்கும். ஆப் எழுதும் மற்றொரு கருவியான ஃபிளட்டரின் எச்டிடிபி பொதியும் வெறும் எழுத்துக்கு அப்படித்தான், பாடி-பைட்ஸை (மூல பைட்டுகளை) எடுத்து நாமே அவிழ்க்க வேண்டும். மட்டக்களப்பு என்பது எட்டெழுத்து, யூனிகோடில் 12 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 36. பிழையாக வாசித்தால் 36 எழுத்து என்றே ஆகிவிடும். ம-வுக்குப் பதில் தலையில் சாய்கோடு ஏறிய ஆங்கிலச் சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி வட்டத்துக்குள் ஆர். இப்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தால் தரவுத்தளத்தைக் கிளற வேண்டாம், முதலில் தலைப்பைப் பாருங்கள். காக்கா சார்செட்டைச் சேர்த்துத் தந்தார். தராசு மென்பொருள் தலைப்பைப் படிப்பதில்லை, அதனால் அவருக்கும் பயமில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, சேர்வரின் பிஎச்பி மொழிக் கோப்பின் தலையில் ஒட்டிக்கொள்ளும் பைட் ஓர்டர் மார்க் என்ற மறைகுறி. முதலாவதை ஓகே-எச்டிடிபி தானே நீக்கும். உள்ளே இன்க்ளூட் செய்த கோப்பிலும் ஒன்று இருந்தால் இரண்டாவது தங்கிவிடும். லொக்கில் ஓகே என்றுதான் தெரியும், ஒப்பிட்டால் ஓகே இல்லை. ஓர வெற்றிடங்களை நீக்கும் கோட்லினின் டிரிம் அதைத் தொடாது, பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

தம்பிக்கும் எனக்கும் உண்மையில் முட்டியது இதற்குப் பிறகுதான். எதிலும் பொருந்தாத பதில் வந்தால் என்ன காட்டுவது? அவன் 'தோல்வி' என்றான். நான் 'தெரியாது' என்று மூன்றாவது நிலை வேண்டும் என்றேன். ஹொஸ்டிங்கின் பராமரிப்புப் பக்கமும் 200 நிலையோடு வரலாம், அங்கே பதிவு சேர்ந்திருக்காது. பிஎச்பியின் எச்சரிக்கை வரி முன்னால் ஒட்டிக்கொண்டு ஓகே பின்னால் வரலாம், அங்கே பதிவு சேர்ந்திருக்கும். வட்டைக்குள் சிக்னல் விழுந்து, ஓகே-எச்டிடிபியின் வழக்கமான 10 வினாடிக் காத்திருப்புக் கடந்தால் பதிலே வராது, ஆனால் சேர்வர் எழுதியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் தோல்வி என்று சிவப்புக் காட்டினால் மறுபடி அழுத்துவார்கள், ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறும். ஒவ்வொரு பதிவோடும் ஆப் ஒரு தனி இலக்கம் அனுப்பும், அதே இலக்கம் திரும்ப வந்தால் சேர்வர் பழைய பற்றுச்சீட்டையே தரும் என்று காக்காவோடு ஒத்துக்கொண்டோம். வரியின் வடிவம் மாறாததால் அதற்கு அவர் உடனே ஓம் சொன்னார். 'தெரியாது' நிலையில் உள்ளதை ஆப் தானே மறுபடி அனுப்பிப் பார்க்கும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் என் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி சொன்ன ரெண்டு வரி ஜேசனுக்கு முழுதாக மாறுவதல்ல. கோரிக்கையோடு போகும் அக்செப்ட் தலைப்பில் ஜேசன் கேட்பவருக்கு ஜேசன், கேட்காதவருக்குப் பழைய வரி. தராசு எதையும் கேட்பதில்லை, அதற்கு ஒன்றும் ஆகாது. காக்காவும் அதை மறுக்கவில்லை. "அறுவடை முடியட்டும்" என்றார். அறுவடை முடிந்தது. ஆப் ஒழுங்காக ஓடுவதால் அவருக்கு அவசரம் இல்லை. எங்கள் நிரல் எல்லாப் பிசகையும் தாங்கிக்கொள்வதுதான் அந்த சேர்வர் அப்படியே இருப்பதற்குக் காரணம் என்று தம்பி சொல்கிறான். அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் வட்டையில் நிற்கிறவரின் திரையில் பிழையைக் காட்டித்தான் காக்காவை அசைக்க வேண்டும் என்றால், அதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வேறொரு மில்லும் அதே சேர்வரோடு இணையப் போகிறது. அவர்களுடைய ஆப்பை எழுதுகிறவர்கள் எங்கள் வாசிப்புக் கோப்பையும், சேர்த்து வைத்திருக்கும் மாதிரிப் பதில்களையும் கேட்டிருக்கிறார்கள். கொடுப்போம் என்கிறேன் நான். கொடுக்காமல் விட்டால் அவர்களும் காக்காவிடம் போய் நிற்பார்கள், அப்போதாவது மாறும் என்கிறான் தம்பி. கோப்பு இன்னும் அனுப்பப்படவில்லை.