கொம்பு எழுத்தில் நின்ற பையன்

2022 ஜனவரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்; கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்களை வைத்துத் தமிழக அரசு நடத்திய மாலை வகுப்பு அது. மாலை ஐந்து மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒருவன் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போய்விட்டது. 2021 நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவன்.

முதல் இரண்டு வாரம் அவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பாடத்தைக் கடகடவென்று சொல்லிவிடுவான். ஒருநாள் வேறெதற்கோ குனிந்தபோது என் கை அந்தப் பக்கத்தில் இருந்த படத்தை மறைத்துவிட்டது. அவன் குரல் அப்படியே நின்றது. அதுவரை படத்தைப் பார்த்தும், பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதில் வாங்கியும்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்போது நான் செய்தது தப்பு. அதே பாடத்தைத் தினமும் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். ஒரு வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டான். நூறு நாள் வேலை முடிந்து வந்த அவன் அம்மா, “அஞ்சு மணியானா வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கிறாம்மா” என்றார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மற்றவர்கள் போன பிறகு பத்து நிமிடம் அவன் மட்டும். எழுத்து அட்டைகளைப் பரப்பி எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பிரித்தோம். ட, ப, ம எல்லாம் தெரிந்தது. துணைக்கால் தெரிந்தது, ‘பாடம்’, ‘மாடம்’ வாசித்தான். ‘பொம்மை’ என்று வைத்தேன். “பாம்ம” என்றான். ‘கொடி’யைக் “காடி” என்றான்.

அங்கேதான் இருந்தது சிக்கல். கொம்பு கண்ணுக்கு முதலில் படும், ஆனால் வாய் மெய்யைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவனுக்குக் கொம்பு ஒரு சத்தமும் இல்லாத கோடு, அதனால் தாண்டிப் போய்விடுகிறான். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இதில் தடுக்கி விழுவதை அப்புறம் நிறையப் பார்த்தேன்.

அவன் வீட்டில் ஒரு வெள்ளாடு உண்டு. “ஆடு வரும்போது முதல்ல எது தெரியும்?” என்று கேட்டேன். “கொம்புக்கா.” “சத்தம் எங்கேருந்து வரும்?” “வாயிலேருந்து.” சரி, இதுவும் அப்படித்தான்டா என்று ‘கெ’ அட்டையைக் காட்டினேன். அன்றைக்கு ஒற்றைக்கொம்பு மட்டும். இரட்டைக்கொம்புக்கு ஒரு வாரம் கழித்துத்தான் போனோம், ‘கை’யில் வருகிற சங்கிலிக்கொம்புக்கு அதற்கும் பிறகு. வாசிக்க வேண்டிய வரிகளை நானே எழுதினேன், அவனுக்குத் தெரிந்த எழுத்துகளோடு புதிதாக ஒன்றே ஒன்றைச் சேர்த்து. பத்துச் சொல்லில் மூன்று இடத்தில் நின்றால் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு இன்னும் எளிதாக ஒன்று எழுதுவேன்.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புக்குப் போனவனை மொட்டில் வைத்ததில் அவன் அப்பாவுக்கு வருத்தம். “கீழே இறக்கிட்டாங்களே” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பகலிலும் அவன் நிற்கிற இடத்திலிருந்தே சொல்லித்தருவார்கள் அல்லவா?

எல்லோருக்கும் இதே வழி சரிவரவில்லை. ஒரு பெண் பிள்ளைக்குக் கண்தான் தெரியவில்லை; கண்ணாடி போட்டதும் வேகமெடுத்துவிட்டாள். இன்னொரு பையனுக்கு மூன்று மாதம் போயும் நேற்றைய எழுத்து இன்று நிற்கவில்லை. வட்டார வள மையத்தில், கற்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளைக் கவனிக்கிற சிறப்பாசிரியரிடம் காட்டச் சொன்னேன். இன்னும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆட்டுக்காரப் பையனுக்கு ஆகஸ்டில் படமே இல்லாத ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ‘எங்கள் ஆடு பெரிய ஆடு. அதற்கு இரண்டு கொம்பு.’ விரல் வைத்து மெதுவாக வாசித்து முடித்தான். பிறகு தலையைத் தூக்கி, “தப்பா எழுதிருக்கீங்கக்கா, ஒரு கொம்பு போன வாரமே ஒடிஞ்சுபோச்சு” என்றான். பென்சிலை வாங்கி ‘இரண்டு’ என்பதை அடித்து, மேலே ‘ஒரு’ என்று எழுதினான்.