வேலூர் வெயிலுக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

காட்பாடி ரோட்டோரம் ஒரு பழைய எஸ்டி பைக் நின்னுட்டா போதும், பக்கத்துல நாலு நிபுணர்கள் முளைச்சிடுவாங்க. வண்டிக்காரர் கிக்கரை உதைச்சு உதைச்சு சட்டை நனைஞ்சு நிப்பார். டீக்கடையிலேர்ந்து முதல் தீர்ப்பு வரும்: "இன்னாபா, நம்மூரு வெயிலுக்கு ஹாட் பிளக்கா போட்டுக்கினு வந்த? கூல் பிளக் போடு, கம்முனு ஓடும்."

வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. கூல், ஹாட்ங்கிறது பிளக் தன் மூக்குல, அதாவது எஞ்சினுக்குள்ள இருக்கிற முனையில, ஏறுற சூட்டை எவ்வளவு வேகமா ஹெட்டுக்கு (சிலிண்டர் மேல இருக்கிற மூடிக்கு) கடத்துதுங்கிற கணக்கு. வேகமா கடத்தினா கூல், மெதுவான்னா ஹாட். மூக்கு சுமார் 450 டிகிரி தாண்டினாத்தான் அதுல படியுற கரி தானா எரிஞ்சு போகும். 850 பக்கம் போனா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே உள்ளே பத்திக்கும். இந்த வரம்புக்குள்ள மே மாசத்து 42 டிகிரியெல்லாம் சில்லறைக் காசு. கிரீன் சர்க்கிள் நெரிசல்லயும் லாங் பஜார்லயும் செகண்ட் கியர்ல நகர்ற, பெட்ரோலோட ஆயில் கலந்து ஓடுற எஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக்குக்கு அளவுக்கு மீறின கூல் பிளக் போட்டா, மூக்கு சூடே ஏறாம ஆயில் கரி அப்பிக்கும். அப்புறம் கிக்கர்தான் தேயும்.

அடுத்தவர் கொஞ்சம் படிச்சவர். "இதுல 7னு போட்டிருக்கு, 4 வாங்கு, சூடு குறையும்" என்பார். அவர் சொல்றது சரியா தப்பாங்கிறது டப்பா மேல இருக்கிற பேரைப் பொறுத்தது! என்.ஜி.கே.ல நம்பர் ஏற ஏற கூல். 8, 7-ஐ விட கூல். பாஷ்ல நேர் தலைகீழ். டபிள்யூ7-ஐ விட டபிள்யூ4 கூல். போதாக்குறைக்கு, பரண்ல கிடக்குற பழைய மைக்கோ பிளக்ல 175, 225னு இருக்கும், அங்கே பெரிய நம்பர்தான் கூல். மைக்கோவும் பாஷோட இந்தியக் கம்பெனிதான்; ஒரே வம்சத்துலயே கணக்கு திரும்பிடுச்சு. அதனால கடையில நம்பரை மட்டும் சொல்லிக் கேட்காதீங்க, பழைய பிளக்கையே கையில கொண்டு போங்க. அதுகூட முன்னாடி எவனாவது மாத்திப் போட்டதா இருக்கலாம், வண்டிப் புத்தகத்தோட ஒத்துப் பார்த்துக்கிறது நல்லது.

மூணாவதா வர்ற புல்லட்காரர்தான் ஆபத்து, ஏன்னா அவருக்கு மனசு பெருசு. "இந்தா நைனா, என் ஸ்பேர் பிளக்" என்று நீட்டுவார். ரெண்டும் 14 மி.மீ. மரை, கையாலயே அழகா ஏறும். ஆனா கேஸ்ட் அயர்ன் புல்லட் பிளக்கோட மரை நீளம் 19 மி.மீ.; எஸ்டிக்குப் போடுறது 12.7. மிச்சம் ஆறு மி.மீ. எஞ்சினுக்குள்ள எட்டிப் பார்க்கும். பிஸ்டன் மேலே வந்து மோதினா கிக்கர்லயே 'ணங்'னு தெரியும். மோதாம தப்பிச்சாலும் ஹெட்டைத் தாண்டி நிக்கிற மரை பழுத்துச் சிவக்கும், அதுல கரி இறுகிடும், கழட்டும்போது ஹெட் மரையையும் வழிச்சுக்கிட்டு வரும். என்.ஜி.கே.ல எச் எழுத்துன்னா மரை நீளம் 12.7, ஈன்னா 19. ராஜ்தூத் 350-க்குப் போடுற பி8எச்எஸ்ல பி 14 மி.மீ. மரை, 8 சூட்டு நம்பர், எச் நீளம். நடுவுல ஆர் வந்தா உள்ளே ரேடியோ இரைச்சலை அடக்குற ரெசிஸ்டர் இருக்கு. பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுற சின்ன ஸ்விட்ச்) வெச்ச பழைய வண்டிக்கு அது அவசியமில்ல.

கடைசியா மெக்கானிக் வருவார். பேசமாட்டார், பிளக் பானா போட்டுக் கழட்டி மூக்கைப் பார்ப்பார். பிஸ்கட் நிறம்னா திருப்பிப் போட்டுடுவார். உலர்ந்த கரின்னா பெட்ரோல் அதிகம், இல்ல ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரக் கறுப்புன்னா ஆயில். பங்க்ல கைக்கணக்குல ஊத்தினது யாருன்னு முகத்தைப் பார்ப்பார். வெள்ளையா கொப்புளிச்சிருந்தா பெட்ரோல் குறைவு, இல்ல ஸ்பார்க் வர்ற டைமிங் முன்னாடி போயிருக்கு. அப்போ கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்டையும் இன்டேக் பக்கம் காத்து இழுக்குதான்னும் பார்க்கணும், கூல் பிளக் போட்டு மறைக்கக் கூடாது. ஒண்ணு, ஐடிலிங்ல விட்டுக் கழட்டினா எல்லா மூக்கும் கறுப்பாத்தான் இருக்கும். வாலாஜா பக்கம் ஹைவேல ரெண்டு மூணு கிலோமீட்டர் முறுக்கிட்டுப் போய், கிளட்ச் புடிச்சு சாவியை அணைச்சு, ஓரம் நிறுத்திப் பார்த்தாத்தான் நிஜ நிறம்.

மூக்குல ஸ்பார்க் தாவுற ரெண்டு கம்பிக்கு நடுவுல இடைவெளி, பாயிண்ட் வண்டிக்கு 0.5லேர்ந்து 0.6 மி.மீ. ஆக்சா பிளேடை நுழைச்சு "சரியா கீது" என்பாங்க; பிளேடே 0.6-ஐத் தாண்டும். இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் ஒண்ணும் சொத்தை எழுதி வாங்காது. வளைக்கும்போது பக்கத்துக் கம்பியை மட்டும் வளைங்க, நடுக்கம்பியைத் தொட்டா பீங்கான் விரிசல் விடும்.

மாட்டும்போது கையால முழுசா ஏத்திட்டு, புது பிளக்குன்னா பானாவால அரைச் சுத்து, வாஷர் ஏற்கெனவே நசுங்கினதுன்னா சும்மா ஒரு இழுப்பு. பானா மேல ஏறி நிக்கிற பழக்கம் பல ஷெட்ல உண்டு. 'கேஸ்ட் அயர்ன்' புல்லட்லயும் இரும்பு சிலிண்டர் மட்டும்தான், ஹெட் அலுமினியம். மரை போனா ஹெட்டைக் கழட்டி லேத்துல ஹெலிகாயில், அதாவது புது மரைக்கான கம்பிச் சுருள், போடணும். எஞ்சின் ஆறின பிறகு கழட்டுங்க, பாதி தொல்லை அதுலயே போயிடும்.