பள்ளிக்கு முன் கட்டடமும் கணக்கும்

சிறிய பள்ளி தொடங்குபவர்களுக்குப் பதிவு வேலைகளையும் கணக்கையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். பாடத்திட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கட்டடம் பற்றிக் கேட்டால், "பார்த்தாச்சு, முன்பணம் கொடுக்கப் போகிறோம்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அங்கேயே நிறுத்துவேன்.

குடியிருக்க அனுமதி பெற்ற வீட்டில் நினைத்தவுடன் வகுப்பு நடத்திவிட முடியாது. ஒரு பள்ளிக்குத் தீயணைப்பு ஆய்வுக்கு வந்த அதிகாரி, நேராகப் போய் மாடிப்படியின் அகலத்தை அளந்தார். அப்புறம் வகுப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். அது உள்பக்கம் திறந்தது. பிள்ளைகள் மொத்தமாக ஓடிவந்து மோதினால் அதைத் திறக்கவே முடியாது என்றார். கதவை மாற்றிவிடலாம், குறுகலான படியை என்ன செய்வது? அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதனால் பிழைத்தார்கள். அந்த வரி இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டத்தை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. 1966-இல் ஐ.நா. ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, தனி ஆட்களும் அமைப்புகளும் கல்விக்கூடம் நடத்தலாம் என்கிறது. அரசு வகுக்கும் குறைந்தபட்சத் தரத்துக்கு உட்பட வேண்டும், அவ்வளவுதான். 1921-இல் தொடங்கிய, வகுப்புக்கு வருவதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிடும் புகழ்பெற்ற சம்மர்ஹில் பள்ளியே இங்கிலாந்தில் ஆய்வாளர்களின் அறிக்கையை அடுத்து அரசு அனுப்பிய புகாரை எதிர்த்து 2000-இல் தீர்ப்பாயம் வரை போய்த்தான் உடன்பாட்டுக்கு வந்தது. அதனால் புதிய பள்ளி முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேட்டையும் ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிந்தால் நன்கொடை கேட்கலாம், உபரியைப் பங்கு போட முடியாது. இதில் பெரிய குழப்பம் வராது. குழப்பம் கட்டணத்தில்தான். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கியதும் வங்கிக் கணக்கு நிறைந்து தெரியும். ஆனால் இன்னும் நடக்காத வகுப்புக்கான பணம் பள்ளி பட்டிருக்கும் கடன். அதை எடுத்து விளையாட்டுத் திடல் போட்டால், பாதியில் விலகும் பிள்ளையின் பெற்றோருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

எதிர்பார்த்ததில் பாதிப் பிள்ளைகளே சேர்ந்தாலும் ஓராண்டுச் சம்பளமும் வாடகையும் தர முடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால் அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆண்டின் நடுவில் பள்ளியை மூடினால் வேறு இடம் தேடி அலையப் போவது பிள்ளைகள்தான்.