ஹார்லெம் கடிகாரக் கடையின் மறைவிடம்

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஹார்லெம். ஸ்டேஷனிலிருந்து குரோட்டே மார்க்ட் சதுக்கம் நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் பார்டெல்யோரிஸ்ஸ்ட்ராட் கடைத்தெரு வரும். 19ஆம் எண்ணில் கீழே கடை இருப்பதால், வழி அதற்குள்தான் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்துக் காத்த கோரி டென் பூம் குடும்பத்தின் வீடு இது. பக்கத்துச் சந்தில்தான் கதவு.

வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கட்டணம் இல்லை, காணிக்கை போடலாம். சிறு குழுவாகத்தான் விடுவார்கள்; இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் பெரும்பாலும் திரும்ப வேண்டியதுதான். ஞாயிறு, திங்களைத் தவிர்த்துவிடுங்கள். லிஃப்ட் கிடையாது, படிகள் குறுகலும் செங்குத்தும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

குடும்பம் உட்கார்ந்த அறையில் கொஞ்சம் மனதை நிறுத்துங்கள். 1837-ல் கோரியின் தாத்தா வில்லம் கடிகாரக் கடை தொடங்கினார். 1844-ல் யூத மக்களுக்காக இங்கே வாராந்தர ஜெபம் ஆரம்பித்தது. நூறு வருஷம் கழித்து, 1944 பிப்ரவரி 28 அன்று, வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் பலர் கூடியிருந்த இதே வீட்டில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ நுழைந்தது. ஜன்னலில் 'அல்பினா' கடிகார விளம்பரப் பலகை இருந்தால் ஆபத்தில்லை என்று வீட்டுக்கு வரும் ஆட்களுக்கு அடையாளம். கோரியின் அக்கா பெட்சி அதைத் தட்டிக் கீழே தள்ளினார். கெஸ்டபோ ஆட்கள் புரிந்துகொண்டு திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். அதை நம்பி வந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

மறைவிடம் மேல்மாடியில், கோரியின் படுக்கையறையில். சோதனைக்காரர்கள் அவ்வளவு படி ஏறி வருவதற்குள் ஒளிய நேரம் கிடைக்கும் என்பதால்தான் அங்கே. இரண்டரை அடி ஆழம்தான். பலகைச் சுவரைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று ஒலியே சொல்லிவிடும், அதனால் செங்கல். கருவிகள் மடித்த செய்தித்தாளுக்குள்ளும் செங்கல் கைப்பெட்டியிலும் வந்தன. புதுச்சுவர் பழசாகத் தெரிய அழுக்கும் நீர்க்கறையும் பூசினார்கள். இரண்டு பழைய வீடுகளைச் சேர்த்த கட்டடம், தளங்கள் மேலும் கீழுமாக இருக்கும். அறை சுருங்கியது யார் கண்ணிலும் படவில்லை.

இன்று பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு திறப்பு வெட்டியிருக்கிறார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், துணி அலமாரியின் அடித்தட்டையும் பாருங்கள். அதன் பின்பலகையை நகர்த்தி, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். மணி அடித்ததும் ஒளிந்துகொள்ள அடிக்கடி ஒத்திகை நடத்தினார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டு அதிகம் இருக்கக் கூடாது. மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். படுத்திருந்த சூடு கைக்குத் தட்டுப்பட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

கெஸ்டபோ வந்த அன்று கோரி காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் கட்டிலைத் தாண்டி ஆறு பேர் அந்தத் தட்டுக்குள் நுழைந்தார்கள். இரண்டு நாள் கிட்டத்தட்ட மூச்சடக்கிக் கிடந்து, ஆறு பேரும் பிடிபடாமல் வெளியே வந்தார்கள்.

கோரியும் பெட்சியும் அப்பா காஸ்பரும் கைதானார்கள். காஸ்பருக்கு 84 வயது. "என் மறைவிடமும் என் கேடகமும் நீரே" என்ற 119ஆம் சங்கீத வசனத்தைக் கைதான அன்று இரவு சொன்னார். பத்தாவது நாள் காவலிலேயே உயிர் பிரிந்தது. பெட்சி அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று ஜெர்மனியின் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார்; கோரியும் அங்கேதான் இருந்தார். சில நாட்களில் கோரி விடுதலையானார், அலுவலகப் பதிவில் நேர்ந்த ஒரு பிழையால்.

1947-ல் மியூனிக் தேவாலயத்தில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அந்த முகாமில் காவலாளியாக இருந்த ஒருவர் வந்து கை நீட்டினார். கோரியின் கை எழவில்லை. உள்ளே அன்பு துளியும் இல்லை. "இயேசுவே, உதவும்" என்று மனதில் ஜெபித்து, மரக்கட்டை போலக் கையை நீட்டினார். கை சேர்ந்த பிறகுதான் அன்பு வந்தது. அந்த வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது. மனம் இளகட்டும், பிறகு மன்னிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

தன்னைக் காட்டிக்கொடுத்தவருக்கும் மன்னித்துவிட்டதாகக் கடிதம் எழுதினார். போர் முடிந்தபின், நாஜிகளோடு சேர்ந்திருந்த டச்சுக்காரர்களை ஊரே துரத்தியது. போக்கிடம் இல்லாத அவர்கள் தங்கிக்கொள்ள, பார்டெல்யோரிஸ்ஸ்ட்ராட்டின் இதே வீட்டைத்தான் அவர் திறந்துவிட்டார்.