மோடம் மேனேஜரை நீக்கியதால் வீணான ஒரு சேலம் பயணம்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கம்பிவழி இணையம் இல்லை. சன்னலோரம் செருகி வைக்கும் பழைய டாங்கிள்தான் (சிம் போட்டு இணையம் பெறும் யூஎஸ்பி கருவி) மடிக்கணினிக்குத் துணை. 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளம் இருக்கிறது. அதன் சுமையைக் குறைக்க எண்ணிப் பயன்படுத்தாத கூறுகளை நீக்கத் தொடங்கினேன். அச்சு, புளூடூத் சேவைகள் சிக்கலின்றிப் போயின. அதே கையோடு மோடம் மேனேஜர், யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற இரு மென்பொருள்களையும் நீக்கினேன். மோடம் என்றதும் தொலைபேசிக் கம்பிக் காலத்துப் பொருள் என்று நினைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ‘ஏபிடி’யில் ‘கிளீன்’ கட்டளை கொடுத்துச் சேமிப்பில் இருந்த நிறுவல் கோப்புகளையும் துடைத்துவிட்டேன்.

மறுநாள் டாங்கிள் இணையவில்லை. சிம் பழுதென்று கருதி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்தில் உள்ள சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் டாங்கிளைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை. “லினக்ஸெல்லாம் நாங்க பாக்கறதில்லைங்க, சிம்ம மாத்திக்குங்க” என்றவர், புதிய சிம்முக்காக மாலை வரை காக்க வைத்தார். மலையேறி வந்து செருகினால் அதுவும் வேலை செய்யவில்லை; அந்த ஒரு நாள் கூலி போனது இன்னும் உறுத்துகிறது.

இரவு கோப்பு மேலாளரைத் திறந்தபோதுதான் டாங்கிள் ஒரு குறுந்தகடாகத் தெரிவதைக் கவனித்தேன். இவ்வகைப் பழைய டாங்கிள்கள், விண்டோஸுக்கான மென்பொருளைத் தம்முள் வைத்துக்கொண்டு முதலில் குறுந்தகடு போலவே கணினிக்குக் காட்சி தருகின்றன. அவற்றை மோடமாக மாற்றுவது மோட்ஸ்விட்ச், அதன்பின் சிம்மோடு பேசி இணைப்பைப் பெறுவது மோடம் மேனேஜர். இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் சின்னம் வழக்கம்போல் இருந்ததால் எதுவும் குறையவில்லை என்று நம்பியிருந்தேன்.

தீர்வு கையிலேயே இருந்தது. செல்பேசியைக் கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், அதைக் கணினி சாதாரணக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. மோடம் மேனேஜர் தேவையில்லை. சிக்னல் கிடைக்கும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் மீண்டும் நிறுவினேன். டாங்கிளைக் கழற்றிச் செருகியதும் இணைப்பு வந்தபோது, வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

எதை நீக்கினோம் என்பது மறந்துபோனால், ‘வார்’ அடைவில் லாக், அதனுள் ஏபிடி என்று போய் ஹிஸ்டரி லாக் கோப்பைத் திறந்தால் நாள், நேரத்தோடு இருக்கும். நீக்குமுன் ‘ஏபிடி’ கட்டளையில் ‘சிமுலேட்’ விருப்பத்தைச் சேர்த்தால், கூடவே எவையெல்லாம் போகும் என்பதை எதையும் தொடாமலேயே காட்டும். ஆனால் டாங்கிள் நின்றுவிடும் என்று அது சொல்லாது. ஆகவே ஒருநாளைக்கு ஒன்றாக நீக்கி, மறுதொடக்கம் செய்து, அன்றாட வேலைகளைச் செய்து பாருங்கள். நினைவகம்தான் குறை என்றால் சேவையை நீக்காமல் ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளை மூலம் முடக்கினாலே போதும். வேண்டும்போது இணையமின்றியே திரும்ப இயக்கலாம்.